சாம்பிராணிக்காகக் கட்டிய துணி

புகை எழுந்தால் எரிவாயுவை நிறுத்தி ஒலியெழுப்பும் கருவியொன்றை என் மகள் தானே வடிவமைத்து, மஹய்யாவவில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் பொருத்தினாள். நான் இடும் சாம்பிராணிக்கும் அது அலறியது. சென்ற வெள்ளிக்கிழமை பூசைக்கு முன், புகை உட்புகாதபடி அதைத் துணியால் கட்டினேன். வடைக்காக அடுப்பில் வைத்த எண்ணெயை மறந்து பதிகத்தில் ஆழ்ந்துவிட்டேன்.

“அப்பா, தீ! வெளிய போங்க!” என்று கத்தியபடி ஓடிவந்த மகள், எரிவாயுவை அடைத்து, எரிந்த சட்டியைத் தட்டால் மூடினாள். அவள் வலக்கை வெந்துவிட்டது. துணியைக் கண்டதும், “இதோட வாயக் கட்டிட்டீங்களாப்பா? இடைஞ்சல்னு சொல்லியிருந்தா எடத்த மாத்தியிருப்பேனே!” என்றாள்.

இப்போது அடுப்பை அணைத்து, சட்டியையும் இறக்கிய பின்னரே சாம்பிராணி இடுகிறேன். அவள் இடக்கையால் திருநீறு எடுக்கும்போது, பதிகத்தை நிறுத்திவிட்டு நானே அதை அவள் நெற்றியில் பூசிவிடுகிறேன்.