பம்பு முதலாளியின் மெயில்

அந்த முதலாளி ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் பம்பு ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குச் சில மாதமாக மெயிலில் ஒரு ஆர்டர்கூட வரவில்லை.

"ஊருக்கே தண்ணி ஏத்துனவன் நான். என்னையா மறந்துட்டாங்க?" என்று பொருமியபடி கம்ப்யூட்டர்காரரைத் தன் பட்டறைக்கு வரவழைத்தார்.

வந்தவர் சர்வர் பெயரையும், முதலாளி சொன்ன பழைய பாஸ்வேர்டையும் மறுபடி அடித்துப் பார்த்தார். இணைப்பு கிடைத்தது. தன் போனிலிருந்து பம்பு விலை கேட்டு ஒரு மெயில் அனுப்பினார். அது பட்டறைக்கு வரவே இல்லை.

"இதே கணக்கை வேற யாரோ அவங்க கம்ப்யூட்டர்ல போட்டிருக்காங்க ஐயா. சர்வர்ல காப்பி விடாம, வர்ற மெயிலை உடனுக்குடனே வழிச்சு எடுத்துடறாங்க."

"பாஸ்வேர்டு என் தம்பிக்கு மட்டும்தானே தெரியும்? அவன் தனிக்கடை போட்டப்ப நான்தானய்யா ரிப்பன் வெட்டினேன்."

அதற்குள் விலை கேட்ட மெயிலுக்குப் போனில் பதில் வந்தது. கம்ப்யூட்டர்காரர் தயங்கித் தயங்கிப் படித்தார்: "அண்ணன் தொழிலை விட்டுவிட்டார். இனி எங்கள் புதுக் கடைக்கு வாருங்கள்."

தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை காதைக் கடித்துவிட்டான்.

"பாஸ்வேர்டை மாத்திடலாங்களா?"

"மாத்துப்பா. நீ இப்ப அடிச்சியே, அது அவனை நான் கூப்பிடற செல்லப்பேரு."