தாய்லாந்துக் காட்டில் வைத்த குழை

ஜெயந்தி காலையில் இன்சுலின் ஊசி போட்டவள். அவளுடைய மத்தியானச் சாப்பாடு என் முதுகுப் பையில் இருந்தது. அவளோ காட்டுக்குள் எங்கேயோ இருந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாய்லாந்தின் வடக்கே, பெயரைக்கூட என் நாக்கால் ஒழுங்காகச் சொல்ல முடியாத ஒரு மலைக்காட்டின் வாசலில், வனக் காவலர் கந்தோரின் பிளாஸ்டிக் கதிரையில் நான் குற்றவாளியாக இருந்தேன். என்ன குற்றம்? பிள்ளையாருக்கு ஓர் இலைக் குழை முறித்த குற்றம்.

அடியார்களே, இந்தக் கோயில் மலரை வாசிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த தர்மபுரம் ரீச்சர்தான். வாய்க்காரி என்று சொல்வீர்கள், சொல்லுங்கள். அந்த வாயே அடைத்துப்போன ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து வவுனியா முகாமில் இருந்த காலத்தில் நாங்கள் நாலு பெண்கள் ஒரே கூடாரத்தில் படுத்தோம். நான், ஜெயந்தி, சாந்தினி, மாலா. பிறகு ஆளுக்கொரு திசையாகச் சிதறிவிட்டோம். மாலா திருச்சியில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஜெயந்தி மலேசியாவில் ஈப்போவில் கலியாணம் கட்டினாள். சாந்தினி தாய்லாந்தில் ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறாள். ஊரோடு நின்றது நான் மட்டும். போனில் முகம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், போன ஆவணி விடுமுறைக்கு ஒரு முதுகுப் பையைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன். திருச்சி, பிறகு ஈப்போ, பிறகு பஸ்ஸும் ரயிலுமாகத் தாய்லாந்து. கலியாணம் கட்டாதவள், தனியாக, முதுகில் பையோடு என்றால் ஊர் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடத்தில் "வெள்ளைக்காரி போறா" என்று பகிடி பண்ணினார்கள். நான் காதில் வாங்கவில்லை.

ஈப்போவில் ஜெயந்தியும் தன் பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசி யுத்தத்தில் சனத்தோடு சனமாக ஓடும்போது அவளுடைய தம்பி ரமணன் கையை விட்டுப்போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. முகாம் முகாமாகத் தேடினாள். கோயில் கோயிலாக நேர்த்திக்கடன் வைத்தாள். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் கோயில் வாசல் மிதித்ததில்லை. யார் கோயிலுக்குப் போனாலும் அவள் வெளியே செருப்புக்குப் பக்கத்தில் நிற்பாள் என்று திருச்சியில் மாலா முதலே சொல்லியிருந்தாள். ஈப்போவில் அப்படித்தான் நின்றாள். நான் வற்புறுத்தவில்லை.

அன்று சாந்தினிக்கு லீவு. அருவி பார்க்கலாம் என்று மூவரும் போனோம். காட்டு வாசலில் இறங்கியதும் என் கை தன்பாட்டில் பக்கத்துச் செடியில் ஒரு குழையை முறித்தது. எங்கள் பக்கத்தில் தேனுக்கோ விறகுக்கோ மாடு தேடியோ காட்டுக்குள் இறங்குகிறவர்கள் இலையோடு ஒரு சிறு கொப்பை முறித்து, மரத்தில் கிளை பிரியும் கவரில் செருகி, "பிள்ளையாரே, கூட வா" என்று சொல்லிவிட்டுத்தான் கால் வைப்பார்கள். வழி பிரியும் இடத்திலும் போகிற பக்கத்தில் ஒன்று வைப்பார்கள். என் அப்பா அப்படித்தான் பழக்கினார். அது தர்மபுரம் காடா, தாய்லாந்துக் காடா என்று என் கைக்கு எப்படித் தெரியும்?

ஜெயந்திக்குச் சிரிப்பு. "பிள்ளையாருக்கு இஞ்ச வர விசா குடுத்தவங்களோ?" என்றாள். தனக்கு முழங்கால் நோ, மெல்லத்தான் நடக்க முடியும், நீங்கள் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி முன்னால் நடந்தாள். பையைத் தூக்க வேண்டாம் என்று நான்தான் அவளுடைய சாப்பாட்டையும் மருந்தையும் என் பையில் வைத்திருந்தேன்.

அவள் வளைவில் மறைந்தாள். காவலர் வந்தார்.

காப்புக்காட்டில் ஓர் இலை பறித்தாலும் சட்டப்படி குற்றமாம். வயதான மனிதர். கத்தவில்லை, ஆனால் விடவுமில்லை. எங்கள் இரண்டு பேரையும் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாந்தினி அவர்களுடைய பாஷையில் மன்றாடினாள். முன்னால் ஒருத்தி தனியாகப் போகிறாள், நோயாளி என்றும் சொன்னாள். பாதை ஒன்றுதான், பயமில்லை, அருவி மட்டும் போய்த் திரும்பி வருவா என்று அவர் சொன்னாராம். பாஸ்போட்டை வாங்கி எதையோ எழுதத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் மழை பிடித்தது. எங்கள் மாரி மழையைப் பார்த்தவள் நான், இது வேறு. மலையிலிருந்து மண்ணும் கல்லுமாகத் தண்ணீர் இறங்கியது. காற்றில் கொப்புகள் முறிந்து விழுந்தன. அருவியடியில் நின்ற காவலர்களோடு அவர் வோக்கி டோக்கியில் கதைத்தார். அங்கே நின்ற ஆட்கள் எல்லோரும் மேட்டில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்குள் ஜெயந்தி இல்லை. அவளுடைய போன் வேலை செய்யவில்லை. மத்தியானம் தாண்டிவிட்டது.

சீனி வருத்தக்காரர் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரியும். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கிவிடும். முதலில் வியர்க்கும், நடுங்கும், பிறகு கதை குழறும், பிறகு மயக்கம். மயங்கி விழுகிற இடம் காடாகவும் வெள்ளமாகவும் இருந்தால் என்ன நடக்கும்? என் மடியில் அவளுடைய சோற்றுப் பெட்டி.

ஆட்கள் தேடப் போனார்கள். நானும் வருகிறேன் என்று எழும்பினேன், இருத்திவிட்டார்கள். அப்போது நான் கும்பிட்டேன் என்று சொன்னால் அது பொய். நான் சண்டை பிடித்தேன். தாய்லாந்துக் காவலர் முன்னால், சுவரைப் பார்த்து, வாய்விட்டுக் கேட்டேன்.

"உனக்குக் குழை வைச்சதாலதானே அவளைத் தனிய விட்டனான். இதுவோ உன்ர துணை? அவளின்ர தம்பியைத்தான் நீ தரேல்லை. இவளையாவது தா."

சாந்தினி என் வாயைப் பொத்தினாள். பிறகு அவளும் அழுதாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. எனக்குள்ளே ஒரு மந்திரம் வரவில்லை, ஒரு தேவாரம் வரவில்லை. சின்ன வயதில் படித்த ஒரு வரிகூட வரவில்லை. "தா, தா" என்பதுதான் வந்தது. கடன் குடுத்தவளைப் போலக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

தேடப் போனவர்களில் இரண்டு பேர் நனைந்து விறைத்துத் திரும்பி வந்தார்கள். பெரிய பாதையில் ஆளே இல்லையாம். அதில் ஒருவன் தன் போனை வயதானவரிடம் நீட்டினான். அவர் பார்த்தார். அவருடைய முகம் கறுத்தது. போனை என் முன்னால் வைத்து ஏதோ கேட்டார். உள்ளே போய் இன்னுமொன்று முறித்திருக்கிறாயா, உண்மையைச் சொல் என்று கேட்பதாகச் சாந்தினி சொன்னாள். வழக்குக்குச் சாட்சியாகப் படம் எடுத்திருக்கிறார்கள்!

படத்தைப் பார்த்தேன். ஒரு மரக் கவர். அதில் செருகிய ஒரு குழை. காம்பு உள்ளே, இலை வெளியே.

"இது நான் வைச்சதில்லையடி. காத்து வைச்சதுமில்லை. இது ஜெயந்தி."

கோயில் வாசல் மிதிக்காதவள். காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தவள். சாந்தினி அவர்களுக்கு விளங்கப்படுத்தினாள். எங்கள் ஊரில் இது வழி பிரியும் இடத்தில் வைப்பது, வைத்த பக்கம்தான் அவள் போயிருப்பாள் என்று. அந்த இடத்தில் இடப்பக்கமாக ஒரு சின்னப் பாதை பிரிகிறதாம். மிருகங்கள் போகும் பாதை. அங்கே யாரும் தேடவில்லை. காற்று முறித்த கொப்புகள் காடு முழுக்கக் கிடந்ததால், எது கை வைத்த குழை என்று பார்க்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

போகும் வழியெல்லாம் வழுக்கல். அட்டை. நான் விழுந்தும் எழும்பியும் போனேன். அடுத்த பிரிவில் பார்த்தேன், குழை இருந்தது. அதற்கடுத்ததில் காணவில்லை. என் உயிரே போய்விட்டது. வயதானவர்தான் கீழே குனிந்து எடுத்துக் காட்டினார். மழை தட்டி விழுத்தியிருந்தது. காம்பில் முறித்த இடம் பச்சையாக இருந்தது. அது எந்தக் கவரில் இருந்திருக்கும் என்று பார்த்து, அந்தப் பக்கம் நடந்தோம். கொஞ்சத் தூரத்தில் ஒரு பெரிய மரத்தின் வேருக்குள் ஜெயந்தி குந்தியிருந்தாள். உடம்பெல்லாம் நடுக்கம். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், குழறலாக இருந்தது. காவலர் தன் பையிலிருந்த இனிப்புச் சோடாவை உடைத்து மெல்ல மெல்லப் பருக்கினார். கொஞ்ச நேரத்தில் அவளுடைய கண் என் கண்ணில் நின்றது. "சோறு எங்கையடி?" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு குளறி அழுதேன்.

வயதானவர் வழக்கெழுதிய தாளை எங்கள் முன்னால் கிழித்துப் போட்டார். இனிமேல் முறிக்காதே, கும்பிடுவதென்றால் சும்மா கும்பிடு என்று சொன்னாராம். அவருக்கும் கைகூப்பினேன்.

ஆசுபத்திரிக் கட்டிலில் அவள் தெளிந்த பிறகு கேட்டேன், நீ ஏன் குழை வைத்தாய் என்று. நாங்கள் வருவோம் என்று அந்தப் பிரிவில் பார்த்துக்கொண்டு நின்றாளாம். வரவில்லை. மழை இருட்டியது. பலகையில் எழுதியது விளங்கவில்லை.

"பயமாக் கிடந்தது. கூப்பிடுறதுக்கு வேற ஆக்களைத் தெரியேல்லை" என்றாள்.

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டாள். "தம்பிக்கும் இப்பிடித்தானேயடி கூப்பிட்டனான். அண்டைக்கு ஏன் வரேல்லை?"

அடியார்களே, நான் ரீச்சர். பதில் தெரியாமல் வகுப்பில் நின்றதில்லை. அன்று நின்றேன். அவளுடைய காலைத் தடவிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. கும்பிட்டால் கட்டாயம் கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல இந்த மண்ணில் எனக்கு வாய் வராது. நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம்தானே. ஆனால் ஒன்று சொல்லுவேன். திட்டிக்கொண்டு கேட்டேன், பிள்ளையார் கோபிக்கவில்லை. அவளைத் தந்தார். அதை மறைத்தால் எனக்குச் சோறு செமிக்காது.

இந்தத் தைப்பொங்கலுக்கு ஜெயந்தி ஊருக்கு வந்தாள். என்னோடு எங்கள் பிள்ளையாரிடம் வந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். அவளும் கழற்றினாள். அருச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றாள். அருச்சனை உயிரோடு இருப்பவர்களின் பெயருக்குத்தான் செய்வோம். செத்தவர்களுக்குத் திவசம். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். தன் பெயரைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ரமணன். பூரட்டாதி" என்றாள்.

ஐயர் வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி மந்திரம் தொடங்கினார். பின்னால் நின்ற அம்மாமாரின் அழுகை கேட்டது. ஜெயந்தி அழவில்லை. தீபம் காட்டி முடியும்வரை கண்ணை மூடாமல் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அந்த அருச்சனையை இப்போது நான் செய்கிறேன். முன்பு எனக்காக மட்டும் தட்டு ஏந்தினவள். இப்போது வரிசையில் நிற்கும் அம்மாமார் சிலர் காணாமற்போன தங்கள் பிள்ளைகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் என் காதில் சொல்கிறார்கள், தங்களுக்குச் சொல்ல வாய் வராதாம். எனக்குத்தான் வாய் இருக்கிறதே, நான் சொல்கிறேன். உங்களிடமும் அப்படி ஒரு பெயர் இருந்தால் வாருங்கள். நம்பிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை. அவர் முன்னால் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லுவோம்.