இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்

எங்கள் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் ஐயா, நீங்கள் எங்கள் அப்பாவை இந்த இலங்கையிலிருந்து துரத்தப் பார்த்தீர்கள். தெரியாமல் அல்ல, தெரிந்தே.

பிரஜாவுரிமை விசாரணை அட்டனில் நடந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா, அம்மா, நான் மூவரும் வட்டகொடையில் ரயிலேறிப் போனோம். அதிகாரி இங்கிலீசில் கேட்பார், நீங்கள் தமிழில் சொல்வீர்கள். அப்பாவின் பதிலை இங்கிலீசாக்குவதும் நீங்கள்தான். இங்கே விடாமல் வசித்தவர் என்று நிரூபித்தால் பிரஜை. இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்.

"ஒனக்கு எந்த ஊருடா?" என்றீர்கள்.

"துறையூருங்க," என்றார் அப்பா.

அப்பா துறையூரைக் கண்ணால் கண்டதில்லை. தாத்தாதான் அங்கிருந்து வந்தவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான். பிறந்தது, வளர்ந்தது, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியது எல்லாம் தோட்டத்தில். ஊர் என்று கேட்டால் மட்டும் பார்க்காத ஊரைச் சொல்வார்கள். கல்யாணம் பேசவும் அந்தப் பெயர்தான் வேண்டும். இது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அதிகாரியிடம், இவன் இந்தியாக்காரன், இங்கே சில காலம் வசித்தான் என்றீர்கள்.

'லிவ்ட்' என்றீர்கள். வசித்தானாம்! அந்த வாரம்தான் டீச்சர் 'ஹேஸ் பீன் லிவிங்' சொல்லிக்கொடுத்திருந்தார். முன்னே தொடங்கி இன்னும் முடியாததை அப்படிச் சொல்ல வேண்டும். முடிந்துபோனதற்குத்தான் 'லிவ்ட்'.

எழுந்தேன். அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒக்காருடி, மானத்த வாங்காத."

"சார், மை ஃபாதர் ஹேஸ் பீன் லிவிங் இன் வட்டகொட சின்ஸ் ஹீ வாஸ் பார்ன்," என்றேன். அப்பா சொன்னது தாத்தாவின் ஊர் என்பதையும் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அம்மாவின் பையிலிருந்து அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை உருவி மேசையில் வைத்தேன்.

அதிகாரி உங்களை ஒரு பார்வை பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினார்.

"குட்டிக்கு வாயப் பாரு," என்றீர்கள்.

"அது இருக்குறதாலதாங்க பொழச்சோம்," என்றார் அப்பா. அவர் உங்களை எதிர்த்துப் பேசி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அன்று ரயிலில் வட்டகொடை வரை பாடிக்கொண்டே வந்தேன். எங்களுக்குப் பின்னால் விசாரணைக்காக வெளியே மழையில் வரிசையாக நின்றவர்களைப் பற்றி எனக்கு யோசனையே இல்லை. அவர்களும் பார்க்காத ஊரைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இங்கிலீசு தெரியாது.

ஐயா, இப்போது கோயில் கமிட்டித் தலைவராகி மாலை வாங்குகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: அந்த வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவரையும் இங்கிலீசில் என்னவென்று சொன்னீர்கள்?