சொன்னதைச் சொன்னவள்

ஒஃபேலியா பர்ராகான் அந்த வேலையை ஒன்பது வயதிலேயே ஆரம்பித்துவிட்டாள். மெக்சிகோவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு வந்து இறங்கிய குடும்பத்தில் இங்கிலீஷ் முதலில் பிடிபட்டது அவளுக்குத்தான். அன்றிலிருந்து அம்மாவுக்கு வாயும் அவள், காதும் அவள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மாவின் வயிற்றுவலியை டாக்டருக்கு விளக்க வேண்டும். வீட்டுக்காரன் வாசலில் நின்று கத்தினால் அந்தக் கத்தலை அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறை கேஸ் கம்பெனி அலுவலகத்தில் ஒருத்தி, "குளிர்னா என்னன்னே தெரியாது, எதுக்குத்தான் இங்க வந்து உசிர வாங்குறாங்களோ" என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். "என்னவாம்?" என்றாள் அம்மா. "நாளைக்கு ஆள் அனுப்புறாங்களாம்மா" என்றாள் ஒஃபேலியா. இப்படி எத்தனை பேச்சை அவள் தொண்டைக்குள்ளேயே வைத்து அமுக்கினாளோ தெரியாது.

பெரியவளானதும் அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் கொஞ்ச காலம் இருந்தாள், பிறகு பரீட்சை எழுதி முறையான மொழிபெயர்ப்பாளர் ஆனாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விதி அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. காதில் விழுந்ததைக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, மெருகு பூசக் கூடாது. பேசுகிறவன் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கெட்ட வார்த்தை பேசினால் கெட்ட வார்த்தையையே சொல்ல வேண்டும். இனிமேல் எதையும் விழுங்க வேண்டியதில்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பிறகு பாலம் வந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா, இந்தப் பக்கம் டெட்ராய்ட்டின் டெல்ரே பேட்டை. இரும்பாலைப் புகையும் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தின் நாற்றமும் ஏற்கெனவே டெல்ரேயின் தலையில் விடிந்திருந்தன. இப்போது பாலமும் அதன் சுங்கச் சாவடிகளும் அங்கேதான் என்று முடிவாயிற்று. எந்தெந்த வீட்டை வாங்குவது, எதை விடுவது என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டார்கள். அந்தக் கோடு ஒஃபேலியாவின் சிநேகிதி ரெமெடியோஸ் வீட்டுத் தெருவின் நடுவில் ஓடியது. எதிர்ச்சாரி வீடுகளை நல்ல விலை கொடுத்து வாங்கி இடித்தார்கள். இந்தச் சாரியை அப்படியே விட்டார்கள். எதிரில் பச்சைத் துணி கட்டிய வேலி எழுந்தது. வேலிக்கும் ரெமெடியோஸ் வீட்டு வாசலுக்கும் நடுவில் மண் லாரிகள் விடியற்காலையிலிருந்து வரிசை கட்டின.

ரெமெடியோஸும் ஒஃபேலியாவும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதிகள். ரெமெடியோஸின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஒஃபேலியாதான் ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கூடப் பிறந்தவளிடம்கூட அவ்வளவு உரிமை கிடையாது. ரெமெடியோஸின் புருஷன் கிரிஸ்பீன் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பு அடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மூக்கில் ஆக்சிஜன் குழாய், பக்கத்தில் சக்கரம் வைத்த சிலிண்டர். அவர் படுக்கிற அறையின் ஜன்னல் லாரிகள் நிற்கிற பக்கம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'மக்களுக்குத் தகவல்' என்று பாலத்தைப் பற்றி ஒரு கூட்டம் போடுவார்கள். அதை நடத்த ஒரு விளம்பரக் கம்பெனியைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். அதன் தலைவர் ஹால்வர்சன். எப்போதும் சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் வருவார், ஏதோ அவரே மண்வெட்டி பிடிக்கப் போகிறவர் மாதிரி. தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமை காலை கூட்டம். சாண்ட்விச், பிஸ்கட், காபி, திரையில் வண்ண வண்ணமாகப் படங்கள், கோபுரம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது, எத்தனை கேபிள் கட்டியாயிற்று. அதை ஸ்பானிஷில் சொல்ல ஒஃபேலியாவைக் கூப்பிட்டார்கள். அவள் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து சின்ன மைக்கில் மெல்லப் பேசுவாள். பாதிக் கூடம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கும். யாராவது ஸ்பானிஷில் கேள்வி கேட்டால் அதை இங்கிலீஷில் சொல்வதும் அவள்தான்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ரெமெடியோஸ் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "இந்த லாரிய வேற தெரு வழியா விட மாட்டீங்களா?"

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே பதில்தான் வந்தது. "தங்கள் கருத்துக்கு மிக்க நன்றி. மாற்று வழித்தடம் குறித்த ஆய்வு நடைபெற்று வருகிறது. தற்காலிக அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

அதை ஒஃபேலியா சொல்ல வேண்டும், 'வருந்துகிறோம்' உட்பட.

கூட்டம் முடிந்து ரெமெடியோஸ் வீட்டுக்குப் போனால் அடுப்படியில் பூசை காத்திருக்கும்.

"ஏண்டி கொமாத்ரே, ஆய்வு நடக்குது நடக்குதுங்கறியே, அது எந்த ஊருக்குடி நடந்து போகுது?"

"நானா சொல்றேன்? அந்தாளு சொல்றான்."

"உன் வாயிலதான வருது. என் காதுக்குள்ள உன் குரல்தான கேக்குது. 'வருந்துகிறோம்'னு சொல்றப்ப அப்படியே தேன் ஒழுகுது."

"அது என் வேலைடி."

"அப்ப உன் வேலைக்கு என் வீட்டுல காபி கிடையாது. ஹால்வர்சன் வீட்டுல போய்க் குடி."

சொல்லிக்கொண்டே காபியைக் கொண்டுவந்து வைத்தாள். கோப்பை விளிம்பில்கூட மண் ஒட்டியிருந்தது.  துணியால் இன்னொரு தரம் துடைத்துக் கொடுத்தாள்.  யார் யாரோ போட்ட கோட்டுக்கு, யாரோ எழுதிக் கொடுத்த பசப்பு வார்த்தைக்குத் தன் குரலைக் கொடுத்துவிட்டு வந்து, இந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறோமே என்று ஒஃபேலியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த கூட்டத்துக்குக் கிரிஸ்பீனே வந்தார். பனிக்காலம் முடிந்து சேறாகிக் கிடந்த நாள். சிலிண்டரை இழுத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழையவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பக்கத்து வீட்டு லியோட்டிஸ், ஸ்பானிஷில் ஒரு வார்த்தை தெரியாத கறுப்பினப் பெரியவர், அவருக்குக் கை கொடுத்து அழைத்துவந்தார். கேள்வி நேரத்தில் கிரிஸ்பீன் எழுந்து நின்றார்.

"ராத்திரி பூரா ஜன்னல மூடித்தான் வெக்கறேன்," என்று நிறுத்தி மூச்சு வாங்கினார். "மூடியும் உள்ள வருது. லாரிய நிறுத்தச் சொல்லல. கொஞ்சம்..." மறுபடி மூச்சு. "கொஞ்சம் தள்ளி ஓட்டச் சொல்லுங்க."

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஹால்வர்சன் பக்கத்தில் இருந்த உதவியாளர் பெண்ணிடம் சாய்ந்தார். மூன்றடி தூரத்தில் ஒஃபேலியா இருந்தாள். மேஜை மைக் அணைந்திருந்தது. ஆனால் அவள் காது அணையவில்லை.

"இன்னிக்கு மூக்குல குழாய் மாட்டி ஒண்ண அனுப்பியிருக்காங்க பாரு, நாடகத்துக்கு," என்றார் ஹால்வர்சன். "ஆய்வு நடக்குதுன்னே சொல்லு. எந்த ஆய்வும் கிடையாதுன்னு உனக்கும் எனக்கும்தானே தெரியும். இவங்க சாண்ட்விச் தின்னுட்டுப் போயிடுவாங்க. மண் வேலை முடியற வரைக்கும் இப்படியே ஓட்டிடலாம்."

அறைக்குள் காதில் விழுந்த எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஒஃபேலியா தன் சின்ன மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள். எப்போதும் பேசும் அதே அமைதியான குரலில், ஒரு சொல்லும் விடாமல் ஸ்பானிஷில் சொன்னாள். மூக்குக் குழாயைச் சொன்னாள், நாடகத்தைச் சொன்னாள், இல்லாத ஆய்வைச் சொன்னாள், சாண்ட்விச்சையும் சொன்னாள்.

கூடத்தில் பாதி ஒரே நேரத்தில் தலைநிமிர்ந்தது. மறுபாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிரிஸ்பீன் நின்றபடியே இருந்தார். கையில் பிடித்திருந்த சிலிண்டரை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் ஒஃபேலியாவுக்கு நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி இருந்தது. அந்தச் சொற்களை அவர் காதுக்குள் கொண்டுபோய்ப் போட்டது தன் குரல்தான்.

ரெமெடியோஸ் எழுந்தாள். கையில் கடித்த சாண்ட்விச் இருந்தது. நேரே முன்னால் போய் அதை ஹால்வர்சனின் காகிதங்களின் மேல் வைத்தாள்.

"நீயே தின்னு," என்றாள் ஸ்பானிஷில். "என் புருஷன் நாடகக்காரனாடா? அந்தக் குழாய ஒரு நாள் உன் மூக்குல மாட்டிப் பாக்கறியா?"

"இந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று ஹால்வர்சன் ஒஃபேலியாவிடம் கேட்டார். சிரித்த முகம் இன்னும் மாறவில்லை.

அதையும், அந்த மரியாதைக்குறைவு உட்பட, இங்கிலீஷில் சொன்னாள்.

பின்வரிசையிலிருந்து லியோட்டிஸ் கைத்தடியைத் தரையில் தட்டினார். "ஏம்மா, அவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு, எங்களுக்குத் தெரியல. என்ன நடந்துச்சு? எங்களுக்கும் சொல்லு."

ஒஃபேலியா எழுந்தாள். மேஜை மைக்கை எடுத்தாள், அதன் பொத்தானை அழுத்தினாள். ஹால்வர்சன் சற்றுமுன் சொன்னதை அவருடைய மொழியிலேயே, 'நான்' என்பதை 'நான்' என்றே வைத்து, முழுக் கூடத்துக்கும் கேட்கச் சொன்னாள். உதவியாளர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். 

"அது உங்களுக்குச் சொன்னதில்லை! தனிப்பட்ட பேச்சு!" என்றார் ஹால்வர்சன். இப்போதுதான் அவர் முகத்தில் நிறம் மாறியது.

"காதுல விழுந்துச்சு, சார்," என்றாள் ஒஃபேலியா. "எனக்குக் கொடுத்த வேலையே அதுதானே?"

அன்று மாலையே போன் வந்தது, இனி அவள் தேவையில்லை என்று. அது அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் அடுத்த கூட்டத்தில் நடந்தது அவள் எதிர்பாராதது. அவள் பொதுமக்களில் ஒருத்தியாக ரெமெடியோஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹால்வர்சன் மேடையேறி, "கடந்த கூட்டத்தில் மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழையால் சில தவறான புரிதல்கள் ஏற்பட்டன. அதற்காக வருந்துகிறோம்" என்றார். மாநிலத் தலைநகர் லான்சிங்கிலிருந்து வரவழைத்த புது மொழிபெயர்ப்பாளர் அம்மாள் அதை ஸ்பானிஷில் சொன்னாள்.

வேலை போனது அவளைச் சுடவில்லை. இது சுட்டது. ஒன்பது வயதிலிருந்து நாக்கை மட்டுமே நம்பி வாழ்ந்தவளை, ஊர் நடுவில் வைத்துப் பொய் நாக்கு என்கிறான். கிரிஸ்பீனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆய்வு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் சுருட்டி அவள் தலையில் கட்டுகிறான்!

அவள் எழுந்து பேச ஆரம்பித்தாள், ஸ்பானிஷில்.

"ஒஃபேலியா, உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நன்றாக வருமே," என்று ஹால்வர்சன் குறுக்கிட்டார்.

அவள் நிறுத்தவில்லை. முன்வரிசையில் கிடந்த ஹெட்போன்களில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டி, ஸ்பானிஷிலேயே தொடர்ந்தாள்.

"மாட்டுங்க. இத்தன வருஷமா நாங்க மாட்டினோம்ல, இன்னிக்கு நீங்க மாட்டுங்க."

 ஹால்வர்சன் சுற்றிலும் பார்த்தார். பாலம் கட்டுகிறவர்கள் தரப்பில் வந்திருந்த இரண்டு பேர் அவருக்கு முன்பே ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவரும் மாட்டினார்.

"அன்னிக்கு நான் பிழையா எதையும் சொல்லல. நீங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தாம சொன்னேன். பிழையா சொன்னது அதுக்கு முன்னாடி எல்லாக் கூட்டத்துலயும். ஆய்வு நடக்குது, ஆய்வு நடக்குதுன்னு உங்களுக்காக என் ஜனங்களுக்குச் சொன்னேன் பாருங்க, அதுதான் பொய். நீங்க சொன்ன பொய், என் வாயால வந்துச்சு. அதுக்கு நான் இவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். நீங்க எப்பக் கேக்கப் போறீங்க?"

லான்சிங் அம்மாள் நல்ல தொழில்காரி. இங்கிலீஷில் ஒரு சொல்லும் விடவில்லை. கடைசிக் கேள்வி வந்தபோது அவள் குரல் சற்று உயர்ந்தே விட்டது.

ஹால்வர்சன் மன்னிப்புக் கேட்கவில்லை. "தங்கள் கருத்துக்கு மிக்க நன்றி" என்றார். லியோட்டிஸ் பின்னாலிருந்து சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக் கூடமெங்கும் பரவியது.

கோடை முடிவதற்குள் லாரிகள் வேறு வழியில் போயின. ரயில் பாதையை ஒட்டி, ஒரு வீடுகூட இல்லாத சாலை. அந்தச் சாலை முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவமானம் உறைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்குள் கிரிஸ்பீன் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துவிட்டார். தங்கள் வீட்டையும் வாங்கிக்கொள்ளச் சொல்லி ரெமெடியோஸ் கேட்டதற்குக் கோடு கோடுதான் என்று பதில் வந்தது.

அடுத்த தகவல் கூட்டத்தில் திரையில் புதுப் படம் ஒன்று வந்தது. 'மக்கள் குரலுக்குச் செவிசாய்த்ததன் பலன்' என்று தலைப்பு. கீழே, மூக்கில் குழாயோடு கிரிஸ்பீன் எழுந்து நிற்கிறார். அன்றைக்குக் கம்பெனிக்காரன் எடுத்த படம்.

ஒஃபேலியா அதைப் பார்த்தாள். அவரை நாடகக்காரன் என்றவர்களே இப்போது அவரை வைத்து நாடகம் போடுகிறார்கள். பிறகு திரைக்கு முன்னால் போய், படத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை அகலத்துக்குக் கிரிஸ்பீனின் முகம் அவள் சட்டையின் மேல் விழுந்தது.

"இத எடுக்கற வரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்," என்றாள், இந்த முறை இரண்டு மொழியிலும்.

எடுத்தார்கள்.

கூட்டம் முடிந்து அவள் ரெமெடியோஸ் வீட்டுக்குப் போனாள். கிரிஸ்பீன் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது.

"என் படத்தப் போட்டாங்களாமே?" என்றார்.

"போட்டாங்க. எடுக்க வெச்சுட்டேன்."

"எப்படி இருந்தேன்?"

"நல்லாத்தான் இருந்தீங்க."

"அப்ப கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்ல?" என்று சொல்லிச் சிரித்தார், சிரிப்பு இருமலாகும் வரை சிரித்தார். ரெமெடியோஸ் முதுகைத் தடவிக்கொண்டே, "இவருக்கு எப்பவும் இந்தக் கொழுப்புதான்" என்று அவளும் சிரித்தாள்.

ஒஃபேலியாவால் சிரிக்க முடியவில்லை. இருமல் அடங்குகிறவரை அவருடைய சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.