ஒரு ‘டா’வைத் தேடி ஸ்ரீராம்புரத்துக்கு

1955, ஆவணி மாதத்து ஞாயிறு. காலை ஆறு மணிக்குக் கோலார் தங்கவயலில் ரயில் ஏறினேன். பெங்களூர் அறுபது மைல். பையில் என் மகளின் கல்யாணப் பத்திரிகை ஒன்றே ஒன்று. மற்றவர்களுக்கெல்லாம் தபாலில் போட்டாயிற்று. முனியப்பனுக்கு மட்டும் நேரில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

முனியப்பனும் நானும் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். ஒருவரையொருவர் ‘டா’ போட்டுத்தான் கூப்பிடுவோம். அவன் சுரங்கத்தில் இறங்கினான். நாலெழுத்து படித்த நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவானேன். வேலைக்கு இறங்குகிறவர்கள் என் ஜன்னலில்தான் வருகைக்கு அடையாளமான பித்தளை வில்லை வாங்குவார்கள். வயது பார்க்காமல் எல்லோரையும் ‘டா’ போட்டுக் கூப்பிடுவது அந்த ஜன்னலின் வழக்கம். ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள் முனியப்பன் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தான். என் பக்கத்தில் மேலதிகாரி நின்றிருந்தார். “ஏண்டா, மணி பாக்கத் தெரியாதாடா உனக்கு?” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். வில்லையை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த மாதமே பெங்களூருக்குக் குடிபோய்விட்டான்.

பத்தரை மணிக்கு சிட்டி ஸ்டேஷன். எதிர் ஹோட்டலில் பரிமாறியவர், “ஏனு பேக்கப்பா?” என்றார். என்ன வேண்டும் என்று கேட்கிறாராம். தலை நரைத்தவனை ‘ப்பா’ போட்டுக் கூப்பிடுவதா என்று சுருக்கென்றது. ஆனால் அங்கே முதலாளியையே எல்லோரும் நஞ்சப்பா என்றுதான் அழைத்தார்கள். கன்னடத்தில் அது மரியாதை.

முனியப்பன் குடியிருக்கும் ஸ்ரீராம்புரத்துக்கு ஜட்கா எட்டணா. வண்டிக்கார சாயபு எனக்கு ஒரு ‘ஜீ’ போட்டார். “சலோ ஜீ” என்று குதிரைக்கும் ஒன்று போட்டார். குதிரையைக்கூட மனிதர் மதிக்கிறார். நான் என்ன செய்தேன் என்று நினைத்து வெட்கப்பட்டேன்.

முனியப்பன் வாசலிலேயே இருந்தான். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கி வந்து போட்டான். “உக்காருங்க சார்.”

“சார் என்னடா? நான் துரைசாமிடா.”

“அதெப்படிங்க, ஆபீஸ்காரர் நீங்க.”

அவன் உட்காரவில்லை. அவன் மனைவி காப்பி வைத்துவிட்டுப் போனாள். நான் எழுந்து நின்றேன். “அன்னிக்கு ஜன்னல்ல கத்தினேனே, அது தப்புடா முனியா. மனசுல வெச்சுக்காதே.”

“அது ஆபீஸ் வழக்கம்தானே சார். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவீங்க.” காப்பியை என் பக்கம் நகர்த்தினான். “அந்த எல்லாருல நானும் ஒருத்தன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கட்டாயம் வருகிறேன் சார் என்றான். நிச்சயம் வருவான், பந்தலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அதற்காகவா நான் வந்தேன்?

மாலை நாலரை மணி வண்டிக்கு ஸ்டேஷன் வரை வந்தான். வண்டி ஏறும்வரை என் பையை என்னிடம் தரவே இல்லை. நான் வண்டியில் உட்கார்ந்த பிறகு, பிளாட்பாரத்தில் யாரோ ஒருவர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். “டேய் முனியா! இங்க என்னடா பண்றே?”

முனியப்பன் வாய்விட்டுச் சிரித்தான். எத்தனை வருடம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

“யாருடா இவரு?”

“எங்க பழைய ஆபீஸ் சாருடா.”

வண்டி நகர்ந்தது. தங்கவயலில் இறங்கினால் நூறு பேர் எனக்கு ‘சார்’ சொல்வார்கள். என்னை ‘டா’ என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்தவன் அவன் ஒருவன்தான்.