ஷட்டருக்கு உள்ளே ஒரு அன்னாசி டப்பா

அவளைத் தெருவில் எல்லோரும் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பொத்தான் நுழையும் துளைக்கு ஓரம் கட்டுவதைத் தையல் கடையில் காஜா எடுப்பது என்பார்கள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. மாஸ்டர் துணி வெட்டுவார், மிஷின்காரர்கள் இருவரும் தைப்பார்கள், கடைசியில் சட்டை இவள் மடிக்கு வந்து சேரும். புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவாள்.

காஜாக்கா பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடுவாள். லிஃப்டில் ஏறமாட்டாள். யாராவது குரலை உயர்த்திப் பேசினாலே அந்த இடத்தைவிட்டு நழுவிவிடுவாள். மாஸ்டர் இதையெல்லாம் வைத்து அவளைக் கேலி செய்வார். தன்னையே கேலி செய்துகொள்கிறவர் என்பதால் அவளுக்கு அது உறைக்காது. அவர் சர்க்கரை வியாதிக்காரர். மதியம் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், சொல்லி வைத்தாற்போல் அவர் மனைவி டிபன் கேரியரோடு வந்து நிற்பார்.

அன்றைக்கு மாஸ்டர் ஊசி போட்டுக்கொண்டார். கேரியர் வரவில்லை.

மிஷின்காரர்கள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடைவீதியின் கோடியில் ஏதோ சத்தம் கேட்டது. முதலில் லாரியிலிருந்து சரக்கு இறக்குகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு கண்ணாடி உடைந்தது. எதிர்க் கடைக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். மாஸ்டர் எழுந்து போய் ஷட்டரை இழுத்துவிட்டார். அது ஒருநாளும் முழுசாக இறங்கியதில்லை. தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது.

அன்று கடைவீதியில் மோதிக்கொண்ட இரண்டு கூட்டத்துக்கும் என்ன தகராறு என்று காஜாக்காவுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அந்த இடைவெளி வழியாகக் கால்கள் ஓடியதும், பிறகு ஓடாமல் நிதானமாக நடந்ததும்தான் அவளுக்குத் தெரியும். நடந்த கால்கள்தான் அதிகப் பயத்தைக் கொடுத்தன. இரும்புக் கம்பி ஒவ்வொரு கடை ஷட்டராகத் தட்டிக்கொண்டு போயிற்று. எங்கே உள்ளே ஆள் இருப்பது தெரிந்ததோ அங்கே நின்றது. பக்கத்துத் துணிக்கடையில் நின்றது. அப்புறம் கேட்ட சத்தத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

அவள் வெட்டுமேஜைக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். மகள் நாத்தனார் வீட்டில் பத்திரமாக இருப்பாளா என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது. மாஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் சட்டை முழுக்க நனைந்திருப்பதைப் பார்த்தாள். புழுக்கம் என்று நினைத்தாள். அவர் ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன.

"சாப்பாடு வரலம்மா," என்றார், குழந்தை மாதிரி. "ஊசி போட்டாச்சு."

ஊசி போட்டுச் சாப்பிடாததால் உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. டீ கூட வெளியிலிருந்து வருகிற கடை அது. ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. போனில் ஆஸ்பத்திரியைப் பிடித்து, வாயைப் பொத்திக்கொண்டு விவரம் சொன்னாள். வண்டி எதுவும் அந்தப் பக்கம் வர முடியாது, இனிப்பாக எதையாவது உடனே கொடுங்கள், மயங்கிவிட்டால் வாயில் ஊற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

இனிப்பாகக் கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டப்பா, பாகில் ஊறிய அன்னாசித் துண்டுகள். சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரைப் பாகா என்று மாஸ்டர் சிரித்து, அதைப் பொத்தான் டப்பாக்களோடு அலமாரியில் வைத்திருந்தார். இழுத்துத் திறக்க வளையம் கிடையாது. திறப்பானும் கிடையாது.

நூல் வெட்டும் சின்னக் கத்தரியை மூடியில் அழுத்தினாள். முனை வளைந்துவிட்டது. பெரிய கத்தரியை நிறுத்தி உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாள். மூடி லேசாகக் குழிந்தது, கத்தரி வழுக்கி இடது உள்ளங்கையைக் கிழித்தது. வலி அப்போது தெரியவில்லை. கத்தரியை மறுபடி வைத்து, அதன் தலையில் இஸ்திரிப் பெட்டியால் ஒரு போடு போட்டாள்.

கடை முழுக்க அந்தச் சத்தம் அதிர்ந்தது. வெளியே நடந்துகொண்டிருந்த கால்கள் நின்றன.

அவள் மூச்சு விடவில்லை. கையிலிருந்து ரத்தம் தரையில் சொட்டுவதுகூட வெளியே கேட்கும் போலிருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் அந்தக் கால்கள் நகர்ந்தன. இனிமேல் அடிக்க முடியாது.

டப்பாவை மடியில் வைத்து விரலால் ஓரத்தைத் தடவினாள். மூடியின் விளிம்பும் டப்பாவின் விளிம்பும் ஒன்றாகச் சேர்த்து மடிக்கப்பட்டிருந்தன, காலர் மடிப்பு மாதிரி. எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் காலர் மடிப்பில்தான் முதலில் நைந்து கிழியும், தினமும் கழுத்து தேய்க்கிற இடம் அது. டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கரகரவென்று சத்தம் வந்தது. மெதுவாகத் தேய்த்தால் ஒன்றும் ஆகவில்லை, வேகமாகத் தேய்த்தால் சத்தம் ஏறியது. மாஸ்டரின் தலை ஒரு பக்கமாகத் தொங்கத் தொடங்கியிருந்தது. "தூங்காதீங்க மாஸ்டர்," என்று கெஞ்சிக்கொண்டே தேய்த்தாள்.

ஷட்டருக்கு வெளியே ஒரு ஜோடி கால் வந்து நின்றது. பக்கத்தில் ஒரு கம்பியின் நுனி. மண்ணெண்ணெய் நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது.

"உள்ள யாரு?" இளவயசுக் குரல்.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"இரும்பு தேய்க்கிற சத்தம் முக்கு வரைக்கும் கேக்குது. அவங்க காதுல விழுந்தா ஷட்டரை உடைச்சுடுவாங்க."

அவங்க என்று யாரையோ போலச் சொல்கிறான், அவர்களைப் போலவே கையில் கம்பியும் வைத்திருக்கிறான். அவனை நம்பலாமா என்று காஜாக்காவுக்குத் தெரியவில்லை. ஆனால் மாஸ்டரின் கண்கள் மேலே செருகிக்கொண்டிருந்தன. வாய் தானாகத் திறந்தது.

"தம்பி, பெரியவர் ஒருத்தர் மயங்குறாருப்பா. சர்க்கரை இறங்கிடுச்சு. டப்பாவைத் திறந்தா பாகு குடுக்கலாம், திறக்க முடியல."

கம்பியின் நுனி தரையிலிருந்து எழுந்தது. கால்கள் திரும்பிப் போயின. மற்றவர்களைக் கூப்பிடத்தான் போகிறான், நாமே வாயால் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். மாஸ்டரை மேஜைக்கு அடியில் இழுக்கப் பார்த்தாள். பாரம் தாங்கவில்லை.

அப்போது ஷட்டரை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. மாறாக ஓட்டி வந்தவன் அதை முறுக்கிக்கொண்டே போனான், காது அடைத்துப் போகிற அளவுக்கு. ஷட்டரில் கயிறு கட்டி வண்டியால் இழுக்கப் போகிறான் என்றே நினைத்தாள். அந்த இரைச்சலுக்கு நடுவில் அதே இளவயசுக் குரல் வந்தது.

"தேய்ங்கக்கா."

தூரத்திலிருந்து யாரோ அவனை அதட்டினார்கள், அங்கே என்னடா பண்ணுறே என்று. வண்டி அடைத்துக்கொள்கிறது, நீங்கள் போங்கள், வருகிறேன் என்று அவன் திருப்பிக் கத்தினான். புகை இடைவெளி வழியாக உள்ளே வந்து கண்ணைக் கரித்தது. காஜாக்கா முட்டி போட்டு, இரண்டு கையாலும் டப்பாவை அழுத்தி, வெறி பிடித்தவள் மாதிரி தேய்த்தாள். தரையில் வெள்ளி நிறத்தில் வட்டம் விழுந்தது. பிறகு அந்த வட்டம் ஈரமானது. டப்பாவை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பிதுக்கினாள். மூடி நெகிழ்ந்து, பிளந்து, பாகு அவள் காயத்தில் பட்டு எரிந்தது.

ஊற்றக் கூடாது என்று சொன்னது நினைவிருந்தது. விரலைப் பாகில் தோய்த்து மாஸ்டரின் கன்னத்துக்கு உள்பக்கம் தடவினாள். மறுபடி தடவினாள். அவர் நாக்கு அசைந்து விரலைத் தேடியது. அப்புறம் சொட்டுச் சொட்டாக, அப்புறம் மூடியில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக. அவர் விழுங்குகிற சத்தம் எஞ்சினுக்கு மேலே அவளுக்குக் கேட்டது போலிருந்தது.

எஞ்சின் தணிந்தது. "முடிஞ்சுதா?" என்று கேட்டான். முடிந்தது என்றாள். வண்டி போய்விட்டது.

சாயங்காலம் போலீஸ் வண்டி ஒலிபெருக்கியோடு வந்த பிறகுதான் ஷட்டரைத் தூக்கினார்கள். துணிக்கடை கரியாக நின்றது. மாஸ்டரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள், அவள் கைக்கும் அங்கேயே தையல் போட்டார்கள். வழி அடைபட்டு வீட்டிலேயே நின்றுவிட்ட மாஸ்டரின் மனைவியும் வந்து சேர்ந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு நாத்தனாரும் அங்கேயே வந்துவிட்டாள். மகளைக் கட்டிக்கொண்டு காஜாக்கா அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது.

தேறி வந்த மாஸ்டரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னாள். மண்ணெண்ணெய் நாற்றத்தையும் விடாமல் சொன்னாள். அவர் வழக்கமாகச் செய்வதுபோல் கேலி செய்யவில்லை.

"அவன் சட்டையை நாமளே தைச்சிருப்போமோ என்னவோ," என்றார்.

துணிக்கடையில் அன்றைக்கு உள்ளே இருந்தவரைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் பிழைக்கவில்லை.

மாஸ்டர் அதற்குப் பிறகும் பல வருஷம் கடை நடத்தினார். காஜாக்கா வேலையை விடவில்லை. ஆனால் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் அவளுக்கு ஊசி ஓடாது. ஒருதரம் ஒருவன் சட்டையில் பொத்தான் அறுந்துவிட்டது என்று வந்து, தைத்துக் கொடுங்கள் அக்கா என்றான். குரல் அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவன்தான் என்றால் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அவன்தான் என்றால் துணிக்கடையில் நீ என்ன செய்தாய் என்றும் கேட்க வேண்டும். அவள் குனிந்த தலை நிமிராமல் பொத்தானைத் தைத்து, நூலைக் கடித்து அறுத்து, சட்டையை நீட்டினாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.