அரை நூல் தள்ளிய சிவப்பு

கம்பத்தில் மாரீஸ்வரியின் டிடிபி கடைக்கு வருகிற ஜீப் டிரைவர்களில் பாதிப்பேர் அட்டைக்காகத்தான் வருகிறார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற அவர்களுக்குப் பென்டிரைவில் பாட்டு வேண்டும். பாட்டை எங்கே வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். பழைய கேசட் உறை மாதிரி மடித்த அட்டை மாரீஸ்வரியிடம் மட்டும்தான் கிடைக்கும். நையாண்டி மேளக்காரரின் முகம் மஞ்சளும் ஊதாவுமாகச் சிரிக்கும், முதுகுப் பக்கத்தில் பாட்டு வரிசை நெருக்கியடித்து நிற்கும். பென்டிரைவைத் தொலைத்தவர்கள்கூட அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்கள்.

கலர் கோட்டைத் தாண்டி வழிய வேண்டும் என்பது அவள் கட்சி. பழைய கேசட் உறை, பிஸ்கட் டப்பா, தீப்பெட்டி எதை எடுத்தாலும் உதட்டுச் சிவப்பு உதட்டில் உட்காராது. அரை நூல், அதாவது ஒரு அரிசி கனம், தள்ளித்தான் நிற்கும். அந்த விலகலில்தான் படத்துக்கு உயிர் இருக்கிறது என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதற்காகக் கடை பிரிண்டரில் ஒரே தாளை இரண்டு தடவை விடுவாள், முதலில் கலர், பிறகு கறுப்புக் கோடு. கம்ப்யூட்டரிலேயே தள்ளி வைத்தால் எல்லாத் தாளும் ஒன்றுபோல வந்து, வேண்டுமென்றே செய்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றபடி பதினெட்டு வருடமாக அவள் பிழைப்பு கண்ணீர் அஞ்சலி பேனரில்தான் ஓடியது. செத்தவர் முகத்துக்குப் பின்னால் மேகம் போட்டுப் போட்டு அலுத்துப் போயிருந்தாள். அப்போதுதான் கோம்பை அக்கம்மாள் வந்தார். சொந்தத் தோட்டத்துப் பன்னீர் திராட்சையில் சர்பத் போட்டு விற்கிறவர். ஆடி முதல் சனிக்கிழமை குச்சனூர் கோயில் திருவிழாவில் கடை போடப் போகிறார், பாட்டிலுக்கு லேபிள் வேண்டும். மாரீஸ்வரிக்கு இது முதல் சாப்பாட்டுச் சரக்கு. இது நிலைத்துவிட்டால் மேகத்துக்கு முழுக்குப் போடலாம்.

திராட்சைக் கூடையோடு ஒரு பெண்ணை வரைந்தாள், காலடியில் செவலை நிறத்தில், அக்கம்மாள் ஊருக்கே பேர் வாங்கித் தந்த கோம்பை நாய். பெயர் ‘நாய் மார்க் சர்பத்’. நாலாயிரம் லேபிள் என்பதால் விஜய்பாண்டியின் அச்சகத்துக்குக் கொடுத்து, மாதிரித் தாளில் கைப்பட எழுதினாள்: சிவப்பை அரை நூல் தள்ளி அடிக்கவும்.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். கட்டுக்கட்டாக லேபிள் தயாராக இருந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு மயிரிழை பிசகாமல் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

“அரை நூல் தள்ளச் சொல்லி எழுதிருந்தேனேண்ணே.”

“பாத்தேன் தங்கச்சி. ஏதோ வேகத்துல எழுதிட்டன்னு நானே நேரா ஒக்கார வச்சுட்டேன். லென்ஸ் வச்சுப் பாரு, கொற சொல்ல முடியாது.”

அக்கம்மாள் ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தார். “நல்லாத்தானத்தா இருக்கு. பளிச்சுன்னு இருக்கு. நாளைக்குப் பூரா ஒட்டி முடிக்கணும்ல.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்துவிடும். விற்றாலும் விற்கும். ஆனால் அது அவள் படம் இல்லை. மாரீஸ்வரி தன் கடையில் அடித்த மாதிரித் தாளை அந்த லேபிளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அக்கா, ரெண்டு நாயையும் பாருங்க. உங்க ஊரு நாய் எது?”

கோம்பைக்காரருக்கு நாய் விஷயத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கம்மாள் குனிந்து பார்த்தார். மாதிரித் தாளில் செவலை நிறம் கோட்டைவிட்டுச் சற்றே முன்னால் வழிந்து, நாய் இப்போதுதான் கிளம்பியதுபோல இருந்தது.

“இது ஓடுது. அங்கன இருக்கது கட்டிப்போட்ட நாயாட்டம்ல இருக்கு,” என்றார். “எங்க ஊரு நாய் அப்படி நிக்காதுத்தா. இதையே அடிக்கச் சொல்லு.”

விஜய்பாண்டிக்குச் சுருக்கென்றது. “அந்தக் காலத்து மிஷின்ல முடியல, வேற வழியில்லாம அப்படி விட்டாக. என் மிஷின்ல முடியுது. முடியுறப்போ எதுக்குத் தப்பா அடிக்கணும்?”

“முடியாம விட்டது தப்புண்ணே. இது வேணும்னு விடுறது. அடிச்ச தாளுக்கு நான் பொறுப்பு, புதுசா அடிங்க.”

“ஊரு சிரிக்கும். லேபிள் அடியில என் அச்சகம் பேரு இருக்கு. அத எடுத்துட்டு அடிக்கிறேன்.”

“எடுத்துருங்க. அங்கன என் பேரப் போடுங்க.”

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் பெயரை அவள் அடித்திருக்கிறாள். தன் பெயர் எதிலும் வந்ததில்லை. ‘படம்: மாரீஸ்வரி, கம்பம்’ என்று அச்சுப் பிளேட்டில் ஏறியதைப் பார்த்தபோது கண் கரித்தது. மை வாடை என்று சொல்லிக்கொண்டாள்.

தப்பாக அடிப்பது லேசுப்பட்ட வேலையாக இல்லை. முதல் தாளில் நாய்க்கு இரண்டு மூக்கு. அடுத்ததில் பெண்ணின் உதடு கன்னத்துக்குப் போனது. விஜய்பாண்டி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். நாலு மணிக்குமேல் நாய் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு மாரீஸ்வரி வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்பு சரியாக உட்கார்ந்து வந்த தாள்களை அவரே உருவி, கசக்கி எறிந்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குள் அக்கம்மாள் கடையில் பாட்டில் தீர்ந்தது. சாமி கும்பிட வந்தவர்கள் சர்பத்தைக் குடித்துவிட்டு வெறும் பாட்டிலைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள் என்று போனில் சொல்லி, இன்னும் ஆறாயிரம் லேபிள் கேட்டார்.

திங்கட்கிழமை விஜய்பாண்டி போன் செய்தார்.

“அந்த நாய் லேபிள்ல இந்தத் தடவ அச்சகம் பேரும் வரட்டும் தங்கச்சி.”

“ஊரு சிரிக்குமேண்ணே.”

“சிரிச்சாச் சிரிக்கட்டும். அதே மாதிரி வேணும்னு தேவதானப்பட்டியில இருந்து ரெண்டு பேரு வந்து ஒக்காந்திருக்காக. யாரு அடிச்சதுன்னு தெரியாம நாலு அச்சகம் அலைஞ்சிருக்காக.”

மாரீஸ்வரி பாதியில் நின்ற அஞ்சலி பேனரை ஓரம் தள்ளிவிட்டு லேபிளைத் திறந்தாள். தன் பெயருக்குக் கீழே, ஒரு சுற்றுச் சின்ன எழுத்தில், அச்சகத்தின் பெயரைச் சேர்த்தாள்.